திருகோணமலையில் அரசவால் ஈப்பிடிப்பான் பார்ப்பது எப்படி

ஒவ்வொரு வருடமும் ஒக்டோபர் பிறந்தால் எனக்கு இப்படி ஒரு போன் வரும். "அண்ணை, வளவுக்குள்ள ஒரு வெள்ளைக் குருவி. வாலில ரிப்பன் கட்டினமாதிரி இழுத்துக்கொண்டு பறக்குது. என்ன குருவி அது?" ஓகஸ்ட் மாதத்தில் வரும் போன் வேறு மாதிரி. கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ விடுமுறைக்கு வந்தவர்கள், "ரெண்டு கிழமையாப் பார்க்கிறன், வெள்ளைக் குருவியக் காணேல்ல" என்று குறைப்படுவார்கள். இரண்டு பேருக்கும் விடை ஒன்றுதான். அதைச் சொல்ல முதல் குருவியின் பெயரைச் சொல்லிவிடுகிறேன்.

தமிழில் அரசவால் ஈப்பிடிப்பான். வேதிவால் குருவி என்றும் சொல்வார்கள். 'ஈ' என்பதைப் பார்த்து இலையானை மட்டும் தின்னும் என்று நினைக்க வேண்டாம். பறக்கிற எந்தச் சிறு பூச்சியும் அதற்குச் சாப்பாடுதான். சிங்களத்தில் இதற்கு இரண்டு பெயர்கள் உண்டு: வெள்ளை நிறத்தில் இருப்பது 'சுது ரெதி ஹொரா', அதாவது வெள்ளைத் துணிக் கள்ளன், செம்பழுப்பு நிறத்தில் இருப்பது 'கினி ஹொரா', நெருப்புக் கள்ளன். கொடியில் காய்ந்த வேட்டியை ஒருவன் களவெடுத்துக்கொண்டு ஓடினால் எப்படி இருக்கும்? வெள்ளைக்குருவி பற்றைக்குள் பாய்வது அப்படியே இருக்கும். இதைவிடப் பொருத்தமாக ஒரு பெயரை நான் கேட்டதில்லை.

முதலில் கலண்டரைப் பாருங்கள்

பைனாகுலரைத் தூக்குவதற்கு முன் மாதம் என்ன என்று பாருங்கள். நம் ஊரில் அதிகம் பேர் சொல்வது, "வெள்ளை ஆண், பழுப்பு பெண்" என்று. அது பிழை. நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன்.

இலங்கையில் இந்தக் குருவி இரண்டு வகையாக இருக்கிறது. ஒன்று இங்கேயே பிறந்து இங்கேயே வாழும் வகை. அதில் ஆணும் செம்பழுப்பு, பெண்ணும் செம்பழுப்பு. ஆணுக்கு எத்தனை வயதானாலும் வெள்ளையாக மாறாது. மற்றது இந்தியாவிலிருந்து வருகிற விருந்தாளி. அதில் ஆண் இளமையில் செம்பழுப்பாக இருந்து, முதிர்ந்ததும் வெள்ளையாகலாம். வாடைக்காற்றோடு வந்து, வெயில் ஏறும்போது திரும்பிவிடும்.

ஆகவே செப்டெம்பர் கடைசி, ஒக்டோபரிலிருந்து ஏப்ரல் வரைதான் வெள்ளை வாலுக்குக் காலம். ஜூன், ஜூலை, ஓகஸ்டில் கச்சான் காற்று அனலாக வீசும்போது வெள்ளையைத் தேடி அலைவது வீண். அந்த மாதங்களில் தெரியும் நெருப்பு நிற வால் நம்மூர்க் குருவியுடையது. ஆனால் டிசம்பரில் ஒரு செம்பழுப்பு ஆணைக் கண்டால் அது உள்ளூரா, விருந்தாளியா என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். விருந்தாளியின் இளம் ஆணும் அதே நிறத்தில்தான் இருக்கும்.

நவம்பர், டிசம்பரில் திருகோணமலையில் மழை பிடித்தால் விடாது. புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஜனவரி நடுப்பகுதி முதல் மார்ச் வரையிலான காலம். குளங்கள் நிரம்பியிருக்கும், காடு பச்சையாக இருக்கும், பூச்சிக்குக் குறைவில்லை. வெள்ளை, செம்பழுப்பு இரண்டையும் ஒரே காலையில் பார்க்க வாய்ப்புள்ள காலம் இதுதான்.

வாலைத் தேடாதீர்கள், தலையைப் பாருங்கள்

வால் கண்ணைப் பறிக்கும். அதனால்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். நான் முதன்முதலில் இந்தக் குருவியைப் பார்க்கவென்று மூன்று கிழமை அலைந்தபோது, அது தம்பலகாமத்தில் அம்மம்மா வீட்டுக் கிணற்றடியில் தினமும் என் கண் முன்னால் உட்கார்ந்திருந்தது. வால் நீளமில்லை என்பதால் கொண்டைக்குருவி என்று விட்டுவிட்டேன். நீண்ட வால் வளர்ந்த ஆண்களுக்கு மட்டும்தான். பெண்ணுக்கு இல்லை, குஞ்சுக்கு இல்லை, முதல் வருட ஆணுக்கும் இல்லை. இறகு உதிர்த்துப் புதிதாக முளைக்கும் காலத்தில் வளர்ந்த ஆணுக்கும் வால் குட்டையாகத் தெரியலாம். நீங்கள் காட்டில் காணப்போகும் ஈப்பிடிப்பான்களில் பெரும்பாலானவை வாலில்லாத 'சாதாரண' குருவிகளாகத்தான் இருக்கும்.

சரி, தலையில் என்ன பார்ப்பது? மினுமினுக்கிற கறுப்புத் தலை, அதில் சிலிர்த்து நிற்கிற கொண்டை, கண்ணைச் சுற்றி ஒரு நீல வளையம். இந்த மூன்றும் இருந்தால் போதும். நீல வளையம் கிட்ட இருந்து பார்த்தால்தான் தெளிவாகத் தெரியும்; ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது. உடம்பு 19 முதல் 22 சென்ரிமீற்றர், கிட்டத்தட்டக் கொண்டைக்குருவி அளவு. கொண்டைக்குருவிக்கு வாலடியில் சிவப்பு இருக்கும், முதுகு மங்கிய கபிலம். ஈப்பிடிப்பானின் முதுகும் வாலும் சுட்ட செங்கல் நிறம், வயிறு வெளுப்பு.

இனி ஆண், பெண். வளர்ந்த ஆணுக்கு வாலின் நடு இறகுகள் இரண்டு மட்டும் 24 முதல் 30 சென்ரிமீற்றர்வரை நீளும், உடம்பைவிட நீளம். தொண்டையும் தலையோடு சேர்ந்து கறுப்பு. வெள்ளை ஆணென்றால் தலையும் தொண்டையும் கறுப்பு, மற்றதெல்லாம் பால் வெள்ளை. சிறகு இறகுகளின் நடுத்தண்டும் ஓரமும் மையால் கோடிழுத்ததுபோல இருக்கும். பெண்ணுக்குத் தொண்டை சாம்பல். குட்டைவாலோடு, ஆனால் தொண்டை கறுப்பாக ஒரு குருவி இருந்தால், அது பெரும்பாலும் இளம் ஆண். இரண்டாம் அல்லது மூன்றாம் வருடத்தில்தான் அதற்கு வால் நீளத் தொடங்கும்.

உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த சுவீடன்காரர் லின்னேயஸ் 1758இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது காகத்தின் பேரினத்தில் சேர்த்து 'கோர்வஸ் பாரடைசி' என்றார். சிரிப்பாக இருக்கிறது அல்லவா? ஆனால் முழுப் பிழை என்றும் சொல்ல முடியாது. ஈப்பிடிப்பான் என்று நாம் அழைத்தாலும் இது உண்மையான ஈப்பிடிப்பான் குடும்பத்தில் இல்லை; மொனாக் என்ற வேறொரு குடும்பம். அந்தக் குடும்பத்தின் சொந்தங்கள் கரிச்சான், கீச்சான், காகம்தான். இன்றைய பெயர் 'டெர்ப்சிஃபோனே பாரடைசி'.

எங்கே போவது

வெட்டவெளியில் இதைத் தேடாதீர்கள். உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரையில் நின்றுகொண்டு தேடினால் காகமும் ஆலாவும்தான் கிடைக்கும். இதற்கு வேண்டியது மூன்று: நிழல், கீழ்மட்டத்தில் கொஞ்சம் திறந்த இடம், கிட்டத்தில் தண்ணீர். பாலை, வீரை, முதிரை நிற்கிற வரண்ட காடு, குளத்தோரத்து மருத மரங்கள், வாய்க்கால் கரை, பழைய வளவுகளில் மாமரமும் வேம்பும் அடர்ந்த பின்பக்கம் எல்லாம் சரிவரும்.

அநுராதபுரம் வீதியால் போய்க் கன்னியா வெந்நீரூற்றுக்குத் திரும்பினால், ஏழு கிணற்றடியில் சனம் வாளியால் அள்ளிக் குளித்துக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தில் ஒன்றும் வராது. வெளியே காட்டோரமாக, சனம் வரமுன், விடிய ஆறு, ஆறரைக்கு நில்லுங்கள். கந்தளாய்க் குளக்கட்டின் மரநிழல் இன்னொரு நல்ல இடம். நகருக்குள்ளேயே பார்க்க விரும்பினால் பிரெட்ரிக் கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் பழைய மரங்கள் இருக்கின்றன. மான்கள் மேய்கிற நிழலில் மெதுவாக நடந்தாலே போதும். ஆனால் கோட்டைக்குள் இராணுவ முகாமும் இருப்பதை மறக்காதீர்கள். பைனாகுலரையோ நீண்ட லென்சையோ அந்தப் பக்கம் திருப்பினால் குருவிக்கு முதல் உங்களை விசாரிப்பார்கள். சீனக்குடா விமானத்தளம், கடற்படைப் பகுதிகள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். யாராவது கேட்டால் மறைக்காமல், "குருவி பார்க்கிறன்" என்று சிரித்துக்கொண்டு சொல்லிப் போனில் ஒரு படத்தைக் காட்டுங்கள். எனக்கு ஒருமுறை அப்படி விசாரிக்க வந்தவரே, "அந்தப் பக்கம் ஒரு கினி ஹொரா இருக்கு" என்று கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார்.

காட்டுக்குள் தனியே இறங்க வேண்டாம். கந்தளாய்ப் பக்கம் யானை வரும். காலையிலும் மாலை மங்கும்போதும்தான் அதுவும் நடமாடும், குருவியும் நடமாடும். போர்க்காலக் கண்ணிவெடிகளைப் பெரும்பாலான இடங்களில் அகற்றிவிட்டார்கள் என்றாலும், எச்சரிக்கைப் பலகை நிற்கிற இடத்தில் ஒரு அடிகூட எடுத்து வைக்காதீர்கள். எப்போதும் நடந்து பழகிய பாதையிலேயே நில்லுங்கள். இந்தக் குருவிக்காகப் பாதையை விட்டு இறங்க வேண்டிய அவசியமே இல்லை. நீங்கள் அசையாமல் நின்றால் அதுவே பாதையோரம் வரும்.

சத்தத்தைக் காதில் ஏற்றிக்கொள்ளுங்கள்

முதலில் கேட்கும், பிறகுதான் தெரியும். அழகான குருவிக்கு அழகான குரல் இருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். 'ஸ்க்ரீச்... ச்ரீக்' என்று, துருப்பிடித்த கதவுக் கீல் இழுபடுவதுபோல ஒரு கரகரப்பு. இனப்பெருக்கக் காலத்தில் மென்மையாகப் பாடவும் செய்யும், ஆனால் நீங்கள் அடிக்கடி கேட்கப்போவது அந்தக் கீல் சத்தம்தான். மெர்லின் என்ற செயலியைப் போனில் இறக்கிக்கொண்டால் ஒலிப்பதிவைக் கேட்டுப் பழகலாம். ஆனால் அதைக் காட்டில் சத்தமாகப் போட்டுக் குருவியைக் கூப்பிடாதீர்கள். தன் இடத்துக்கு வேறொரு ஆண் வந்துவிட்டது என்று நினைத்து அது பதறித் திரியும். கூடு கட்டுகிற காலத்தில் இது இன்னும் மோசம்.

சத்தம் வந்த திசையில் தரையிலிருந்து இரண்டு, மூன்று ஆள் உயரத்துக்குள் பாருங்கள். உச்சிக்கொப்பில் தேடாதீர்கள். நிழலுக்குள் ஒரு மெல்லிய கொப்பில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும், குட்டைக் கால். திடீரென்று எழும்பும், காற்றில் ஒரு வளைவு போட்டு எதையோ பிடிக்கும், வேறு கொப்புக்குப் போகும். தும்பி, வண்ணத்துப்பூச்சி, சிறு வண்டு, நுளம்பு என்று எதுவும் விடாது. மழை விட்ட மறுநாள் ஈசல் கிளம்பினால் ஒரே இடத்தில் பத்து நிமிடம் நின்று வேட்டையாடுவதைப் பார்க்கலாம். வால் நீண்ட ஆண் அந்த வளைவில் திரும்பும்போது வால் சாட்டைபோலச் சுழன்று பின்னால் வரும். புகைப்படம் எடுக்க அவசரப்படாதீர்கள். முதல் பத்துத் தடவை கண்ணால் மட்டும் பாருங்கள். நான் முதல் வருடம் எடுத்த படங்களில் பாதி வெறும் கொப்பு.

பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு தண்ணீரோரம் உட்கார்ந்தால் இன்னொரு காட்சி கிடைக்கும். இது மற்றக் குருவிகள்போலத் தண்ணீருக்குள் நின்று சிறகடித்துக் குளிக்காது. மேலே கொப்பிலிருந்து நேராகத் தண்ணீருக்குள் விழும், உடனே எழும்பிக் கொப்புக்குப் போய்ச் சிலிர்க்கும், மீண்டும் விழும். மீன்கொத்தி என்று நினைத்து நிறையப் பேர் விட்டுவிடுவார்கள்.

வளவில் வரவழைக்க விருப்பமென்றால், அகலமான மண்சட்டி ஒன்றில் இரண்டு அங்குலம் தண்ணீர் விட்டு மரநிழலில் வையுங்கள். நாலு நாள் கவனிக்காமல் விட்டால் நுளம்புக் குடம்பி பெருகிவிடும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து நிற்பார், அவருக்கு ஈப்பிடிப்பான் கதை எல்லாம் சொல்ல முடியாது. இரண்டு நாளுக்கொருமுறை சட்டியைக் கழுவி மாற்றுங்கள். தோட்டத்துக்குப் பூச்சிமருந்து அடிப்பதையும் குறையுங்கள். பூச்சியைக் கொன்றுவிட்டுப் பூச்சி தின்னும் குருவி வரவில்லை என்பது என்ன நியாயம்?

கூடு கண்டால்

வைகாசி, ஆனியை ஒட்டிய மாதங்கள்தான் உள்ளூர்க் குருவிகளைக் கூட்டோடு காண ஏற்றவை. கூடு கைக்குள் அடங்குகிற சின்னக் கிண்ணம். மெல்லிய சுள்ளி, புல், நார் எல்லாம் சேர்த்துப் பின்னி, வெளிப்பக்கம் சிலந்தி நூலால் இழுத்துக் கட்டியிருக்கும். தாழ்ந்த கொப்பொன்றின் நுனிப் பக்கமாக, கவட்டில் பொருத்தி வைக்கும். தேடினால் கண்ணில் படாது. ஆனால் ஆண் அடைகாக்கும்போது மாட்டிவிடும்! கிண்ணம் சின்னது, வால் நீளம். கூட்டுக்கு வெளியே அந்த வால் சீலைத் தலைப்புபோலத் தொங்கிக்கொண்டிருக்கும். இவ்வளவு பகட்டான வாலை வைத்துக்கொண்டு கூட்டில் உட்காருவது ஆபத்துத்தான். ஆனாலும் உட்காரும். கூடு கட்டுவது, அடைகாப்பது, குஞ்சுக்கு ஊட்டுவது எல்லாவற்றிலும் ஆணும் பெண்ணும் பங்கெடுக்கும்.

காவலுக்கு அது கண்டுபிடித்த வழி வேறு. கரிச்சான் கூடு கட்டிய மரத்துக்குக் கிட்டவே பல வேளை கூடு கட்டும். நம் இரட்டைவால் கரிச்சான் எவ்வளவு முரடன் என்று உங்களுக்குத் தெரியும். காகமென்றாலும் வல்லூறென்றாலும் துரத்தி அடிக்கும். அதன் அயலில் குடியிருந்தால் வாடகையில்லாமல் காவல். ஆகவே ஒரு கரிச்சான் எதையோ துரத்துவதைக் கண்டால் சுற்றியுள்ள கொப்புகளையும் பாருங்கள்.

முட்டைகள் நான்கு வரை இருக்கும். இளஞ்சிவப்பு கலந்த வெண்மையில் செம்பழுப்புப் புள்ளிகள். 14 முதல் 16 நாளில் பொரிக்கும். குஞ்சுகள் இறகில்லாமல், கண் திறக்காமல் பிறக்கும். அவை 9 முதல் 12 நாளுக்குள் கூட்டை விட்டு இறங்கிவிடும். அதற்குப் பிறகும் தாயும் தகப்பனும் கொஞ்ச நாள் ஊட்டும். முட்டையிலிருந்து பறப்பு வரை நான்கு கிழமைக்குள் எல்லாம் முடிந்துவிடும். நீங்கள் கூட்டைக் கண்டபோது ஏற்கெனவே அதில் பாதி போயிருக்கலாம்.

இங்கேதான் நான் கண்டிப்பாக இருப்பேன். கூட்டிலிருந்து ஆகக் குறைந்தது பதினைந்து மீற்றர் தள்ளி நில்லுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம். இலையை ஒதுக்கவோ கொப்பை வளைக்கவோ கூடாது. சில வருடங்களுக்கு முன் ஒருவர் படம் தெளிவாக வரவேண்டுமென்று கூட்டை மறைத்த நாலு கொப்பை முறித்துவிட்டுப் போனார். அடுத்த நாள் காலையில் செண்பகம் ஒன்று வெறும் கூட்டின் கீழ்க் கொப்பில் உட்கார்ந்திருந்தது. அந்த இலைகள்தான் அந்தக் குஞ்சுகளுக்கு வெயிலுக்கும் செண்பகத்துக்கும் இருந்த ஒரே மறைப்பு. கூடு இருக்கிற இடத்தை முகநூலில் போடுவதும் கொப்பு முறிப்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

வேறு குருவியைக் கண்டு மயங்காமல் இருக்க

நீலமாக, உடம்பு கொஞ்சம் சிறிதாக, பிடரியில் கறுப்புப் பொட்டு வைத்திருந்தால் அது கரும்பிடரி மொனாக், இதே குடும்பம். மேலே நீலம், நெஞ்சு செம்மஞ்சள், வயிறு வெள்ளை என்றால் டிக்கெல் நீல ஈப்பிடிப்பான். சாம்பல் கபிலமாக, பெரிய கண்ணோடு ஒரே கொப்பில் தியானம் செய்வதுபோல இருந்தால், மழைக்காலத்தில் வருகிற ஆசியக் கபில ஈப்பிடிப்பான். மூன்றையும் திருகோணமலைக் காட்டில் காணலாம், மூன்றுக்கும் அந்தக் கறுப்புக் கொண்டை கிடையாது.

கையில் என்ன வேண்டும்

பைனாகுலர் வாங்குவதென்றால் எட்டுக்கு நாற்பத்திரண்டு என்று கேட்டு வாங்குங்கள்: எட்டு மடங்கு பெருக்கம், 42 மில்லிமீற்றர் முன்வில்லை. நிழலுக்குள் பார்க்க வெளிச்சம் வேண்டும், அதற்கு அகலமான வில்லை தேவை. "ஐம்பது மடங்கு பெருக்கும்" என்று சொல்லி ஒரு கடையில் எனக்கு விற்றதில் கை நடுக்கம்தான் ஐம்பது மடங்காகத் தெரிந்தது. வாங்கப் பணமில்லாவிட்டால் பரவாயில்லை, இந்தக் குருவி வெறுங்கண்ணுக்கும் நன்றாகத் தெரியும். கபிலம், பச்சை மாதிரி மங்கிய உடுப்பு, முழுக்கை, நுளம்புத் தைலம், தண்ணீர்ப் போத்தல். உண்ணி ஏறாமல் காலுறைக்குள் காற்சட்டையைச் சொருகிக்கொள்ளுங்கள். பார்க்க விசித்திரமாக இருக்கும், பரவாயில்லை.

ஒரு அப்பியாசக் கொப்பி வைத்திருங்கள். திகதி, நேரம், இடம், நிறம், வால் நீளமா குட்டையா, தொண்டை கறுப்பா சாம்பலா. இந்த ஆறும் போதும். குருவி கண்டவர்கள் பதிவு போடுகிற இபேர்ட் செயலியில் பதிந்தால் மற்றவர்களுக்கும் உதவும், கூட்டுக் காலத்தில் மட்டும் இடத்தைத் துல்லியமாகப் போட வேண்டாம். வெள்ளையை முதலில் கண்ட நாளையும் கடைசியாகக் கண்ட நாளையும் சிவப்புப் பேனையால் எழுதுங்கள். என் கொப்பியில் போன முறை கடைசி வரி மார்ச் 27: காலை 6.40, கிணற்றடி மாமரம், வெள்ளை, வால் ஒன்று முறிந்திருக்கிறது. அடுத்த நாள் அதே கொப்பில் ஒரு கொண்டைக்குருவி இருந்தது.